மூன்றாவது தொட்டில்

ஜூன் 4

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

போன மாதக் கடைசியில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளி நான். உங்கள் நர்சிங் பள்ளி மாணவி ஒருத்தியைப் பற்றி ஒரு புகார் எழுத வேண்டியிருக்கிறது.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை, என் கையிலிருந்த ஊசியைப் பார்க்க ஒரு பெண் வந்தாள். உங்கள் பள்ளியிலிருந்து ஒரு மாதப் பயிற்சிக்கு வந்திருக்கும் நாலைந்து பேரில் ஒருத்தி. கட்டில் காலடியில் மாட்டியிருக்கும் பாட்டிலை அமுக்கி, கை சுத்தம் செய்யும் மருந்தைக் கையில் வாங்கினாள். உள்ளங்கையோடு உள்ளங்கையைத் தேய்த்தாள். புறங்கையைத் தேய்த்தாள். விரல்களைக் கோத்துத் தேய்த்தாள். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கட்டைவிரலுக்கு வந்ததும், அதை மற்றக் கையால் சுற்றிப் பிடித்துத் திருகியபடி, "மாமாவுக்குச் சொல்லியாச்சு" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். வயிற்றில் தையலோடு சிரித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண் பயந்துபோனாள்.

"என்னம்மா, வலிக்குதா? டாக்டரைக் கூப்பிடவா?"

"வலி கிடக்கட்டும். மாமான்னு சொன்னியே, அது யாரு?"

"அதுவாம்மா? கட்டைவிரலைத்தான் அப்படிச் சொல்லுவோம். தள்ளியே நிப்பாராம். கல்யாணத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டுட்டு அவரை மட்டும் மறந்துருவாங்களாம். சும்மா விடுவாரா? விருந்துல வந்து வம்பு பண்ணுவாரு. அந்த வம்புதான் கிருமி. எங்க டீச்சர் சொல்லிக்குடுத்தது."

"உங்க டீச்சர் எப்படி இருப்பாங்க?"

"குள்ளமா இருப்பாங்க. ஆனா குரல் மூணு மாடிக்குக் கேக்கும்."

குருவி, அது என் மாமா. முதல் வருஷம், ஹாஸ்டல் கீழ்த்தளத்தில் ஆறு குழாய் வரிசையாக இருந்த அந்தக் கழுவுமிடத்தில் நான் கண்டுபிடித்தவர். சுவரில் ஒட்டியிருந்த, கை கழுவும் முறைப் படத்தை உனக்கு மனப்பாடம் செய்ய வரவில்லை. விரல் நுனியெல்லாம் அழுக்கைத் தோண்டிக்கொண்டு வரும் பிள்ளைகள், உள்ளங்கையில் போட்டு உருட்டிக் குளிப்பாட்ட வேண்டும் என்று நீ ஆரம்பித்தாய். மாமாவை நான் சேர்த்தேன். என்னைக் கேட்காமல் இத்தனை வருஷமாக அவரைப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். புகார் அவ்வளவுதான்.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள், வெளியூரில் படிக்கிறாள். பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

நெட்டை


ஜூன் 13

அன்புள்ள நெட்டை,

'மதிப்பிற்குரிய' என்று பார்த்ததும் யாரோ வழக்குப் போடப்போகிறார்கள் என்று நினைத்து நின்றபடியே படித்தேன். 'குருவி' என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்துநாலு வருஷமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்தப் பெண் பயிற்சி முடிந்து திரும்பியதும் அழாக்குறையாக என்னிடம் வந்தாள். "டீச்சர், ஒரு பேஷன்ட் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. அப்புறம் உங்க அட்ரஸ் கேட்டாங்க. நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?" என்றாள். அன்று எனக்குப் புரியவில்லை.

மாமா உன்னுடையவர்தான். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் "இது என் சிநேகிதி சொன்னது" என்றுதான் ஆரம்பிக்கிறேன். இப்போது ஒரு பவுடர் வந்திருக்கிறது. அதைப் பிள்ளைகள் கையில் தடவிக்கொண்டு வழக்கம்போலக் கழுவுவார்கள். பிறகு அறையை இருட்டாக்கி ஊதா விளக்குக்கு அடியில் கையை நீட்டச் சொல்வேன். கழுவாமல் விட்ட இடமெல்லாம் பளிச்சென்று ஒளிரும். வருஷா வருஷம் முதலில் மாட்டுவது கட்டைவிரல்தான். பிறகு நகக்கண், மோதிரம் போட்ட இடம். "ஐயையோ, மாமா!" என்று வகுப்பே கத்தும். அப்போதெல்லாம் பின்வரிசையில் நீ எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

அந்த ஆறு குழாயும் இன்னும் இருக்கின்றன. ஐந்தாவதை மாற்றிவிட்டார்கள். அது சொட்டாமல் இருப்பது என்னவோபோல இருக்கிறது. டியூட்டி முடிந்து வந்து நாம் உட்காரும் மாடிப்படியில் இப்போதும் இரண்டு இரண்டாகத்தான் உட்காருகிறார்கள். நாம் பேசியதில் பாதி கூட இவர்கள் பேசுவதில்லை. கையில் போன் இருக்கிறது.

மேட்ரன் அறையில் நடந்ததைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. நானும் எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்று நான் பார்த்ததைச் சொன்னேன். அது சரி என்றுதான் இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சக நர்ஸ் கை கழுவாமல் தொட்டிலுக்குப் போனால் வாயைத் திறக்க வேண்டும், சிநேகம் அப்புறம்.

தையல் ஆறிவிட்டதா? பாரம் தூக்காதே.

குருவி


ஜூன் 22

குருவி,

தையல் ஆறிவிட்டது.

பார்த்ததைச் சொன்னேன் என்கிறாய். சரி. பச்சைக் குழந்தைகள் வார்டில் முதல் தொட்டிலில் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தொட்டிலில் பால் புரையேறி அந்தக் குழந்தை நீலம் பாரித்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். கை கழுவவில்லை. அந்த வாரமே மூன்று தொட்டில் குழந்தைகளுக்கும் காய்ச்சல் வந்து மேட்ரன் விசாரித்தபோது, பார்த்ததை நீ சொன்னாய். அதற்காக உன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இல்லை. நம்பினால் நம்பு.

ஆனால் அதற்கு முன்னாலும் நான் கழுவாமல் விட்டிருக்கிறேன். ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். அந்த மஞ்சள் சோப்பு பட்டுப் பட்டு என் விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் பட்டால் உயிர் போகும். சாயங்காலம் அந்த மாடிப்படியில் உட்கார வைத்து, களிம்பு தடவி, பழைய தலையணை உறையைக் கிழித்து இரண்டு கையிலும் நீதான் கட்டிவிடுவாய். என்னால் தட்டைப் பிடிக்க முடியாது என்று நீதான் ஊட்டிவிடுவாய். "வெளியில சொல்லாதடி. புண்ணு இருக்குன்னு தெரிஞ்சா அந்த வார்டுல விடமாட்டாங்க, ஆறு மாசம் பின்னாடி போயிருவே" என்று சொன்னதும் நீதான். நானும் அதைத்தான் விரும்பினேன், உன்மேல் போடவில்லை.

அன்று மேட்ரன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. மேட்ரன் கேட்டார்: "அந்தப் பொண்ணு கையில புண்ணு ஏதாவது இருந்துச்சா? உனக்குத் தெரியுமா? நீதானே ரூம்மேட்?"

நீ சொன்னாய்: "தெரியாது சிஸ்டர்."

மூன்று மாடிக்குக் கேட்கும் குரல் அன்று எவ்வளவு சின்னதாக இருந்தது தெரியுமா? ஆனாலும் எனக்குக் கேட்டது.

என்னை நீக்கிவிட்டார்கள். பத்தாம் நாள் அப்பா வந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அதற்குள் முதல் இரண்டு தொட்டில் குழந்தைகளுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொன்னார்கள். மூன்றாவது குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருந்தது.

அதற்கு என்ன ஆயிற்று?

இதைக் கேட்கத்தான் அந்த முதல் கடிதத்தையே எழுதினேன். மாமா, புகார் எல்லாம் சாக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண் பரிசோதனைக்கு வரிசையாக வருவார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளைப் பார்த்தால், இருந்திருந்தால் இந்த வயது என்று தோன்றும். பிறகு பதினைந்து. பிறகு இருபது. போன வாரம் ஒரு பையன் வேலைக்குப் போக மூக்குக்கண்ணாடி வேண்டும் என்று வந்தான். வயது என்ன என்றேன். இருபத்துநாலு என்றான். கையிலிருந்த லென்ஸ் கீழே விழுந்து உடைந்தது.

எதுவாக இருந்தாலும் எழுது.

நெட்டை


ஜூலை 15

குருவி,

மூன்று வாரம் ஆகிவிட்டது. நீ எழுதாததையே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்தத் தாயைப் பற்றி ஏதாவது தெரிந்தால் மட்டும் சொல். பிறகு வேறு குழந்தை பிறந்ததா என்று. வேறொன்றும் கேட்க மாட்டேன்.

நெட்டை


ஜூலை 18

நெட்டை,

இல்லை. இல்லை. அந்தக் குழந்தை பிழைத்துவிட்டது.

இதை முதல் வரியில் எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் எழுதி எழுதிக் கிழித்தேன். முப்பத்தெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏறியது. போகும் நாளில் அதன் அம்மா ஒவ்வொரு நர்ஸிடமும் கொண்டுவந்து காட்டினாள். நான் தூக்கினேன். என் தொப்பி நாடாவைப் பிடித்து இழுத்தது. நல்ல பிடி. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோதும் பார்த்தேன், குண்டாக இருந்தது. அதற்குப் பிறகு தெரியாது. ஆனால் அது உயிரோடு வீட்டுக்குப் போனது, நெட்டை. என் கண்ணால் பார்த்தேன்.

நீ இத்தனை வருஷமும் அது செத்துப்போனதாக நினைத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய். சில நாள் தோன்றும். உடனே வேறு வேலையை எடுத்து வைத்துக்கொள்வேன்.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் கை வரவில்லை.

நீ போன இரண்டாம் மாதம் பரிசோதனைச் சாலை அறிக்கை வந்தது. வார்டில் வாஷ்பேசின் பக்கத்தில் ஒரு பெரிய துண்டு தொங்குமே, நினைவிருக்கிறதா? காலையில் ஒன்று போட்டால் மறுநாள் காலையில்தான் மாற்றுவார்கள். பத்து மணிக்கே சொதசொதவென்று ஆகிவிடும். எல்லாரும் அதில்தான் கையைத் துடைத்தோம். குழந்தைகளின் உடம்பில் இருந்த அதே கிருமி அந்தத் துண்டில் இருந்தது. வார்டில் வேலை பார்த்த ஐந்து பேர் கையிலும் இருந்தது. அதில் ஒருத்தி நான். படத்தில் இருப்பதுபோல ஒரு இடம் விடாமல் தேய்த்துக் கழுவினேன். கழுவிய கையை அந்தத் துண்டில் துடைத்துக்கொண்டு நேரே தொட்டிலுக்குப் போனேன். கழுவுகிறவளாக இருந்ததால் எத்தனை தடவை துடைத்திருப்பேன், யோசித்துப் பார்.

உன் கையைச் சோதிக்கவில்லை. நீதான் போய்விட்டாயே. அதனால் யாருடைய கையிலிருந்து போனது என்று யாராலும் சொல்ல முடியாது. நீ கழுவாமல் தூக்கியது தப்புதான், அதை நான் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் உன்னால்தான் என்று சொன்னது பெரிய தப்பு. மறு வாரமே துண்டை எடுத்துவிட்டு ஒரு தடவை துடைத்துப் போடும் காகிதம் வைத்தார்கள். உன்னைப் பற்றி யாரும் பேசவில்லை.

எழுத வேண்டும் என்று நினைத்தேன். மேட்ரன், "அதெல்லாம் ஆபீஸ் பாத்துக்கும், நீ உன் பரீட்சையைப் பாரு" என்றார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. ஆபீஸ் எழுதவில்லை என்று தெரிந்தபோது ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஒரு வருஷம் கழித்து எழுதினால் ஏன் இத்தனை நாள் என்று கேட்பாயே என்று பயம். பிறகு ஐந்து வருஷம். பிறகு நான் ஆசிரியை.

"தெரியாது சிஸ்டர்" என்று சொன்னது உனக்குக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லியிருந்தால் மறைத்த குற்றத்துக்கு என்னையும் அனுப்பியிருப்பார்கள். அதுதான் காரணம். அழகான காரணம் எதுவும் இல்லை.

குருவி


ஆகஸ்ட் 9

குருவி,

உன் கடிதம் கடைக்கு வந்தது. ஒரு அம்மா தன் கண்ணாடிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முதல் வரியைப் படித்தேன். உள்ளே போய் மெஷினைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். அந்த அம்மாவின் லென்ஸைத் தப்பாக அறுத்துவிட்டேன். முதலாளி திட்டாமல் வேறு லென்ஸை எடுத்துக் கொடுத்தார், என் முகம் அப்படி இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நான் நர்சிங் படித்தேன் என்பதே அவருக்குத் தெரியாது. பாதியில் விட்ட ஏதோ படிப்பு என்று மட்டும் தெரியும். "நம்ம பாப்பா பொறந்தப்போ நீ அவளைத் தூக்கவே பயந்தியே, அது இதுனாலதானா?" என்றார். நான் அதை மறந்தே போயிருந்தேன். முதல் இரண்டு மாதம் அவர்தான் குளிப்பாட்டினார். நான் தூக்கும் முன்னால் கையைக் கழுவுவேன், கழுவுவேன், தோல் உரியும்வரை கழுவுவேன். வெளியில் போய் நின்றுகொள்வேன்.

ஒரு வரி போதும் குருவி. 'குழந்தை நல்லா இருக்கு.' ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம். பெயர் கூடப் போட்டிருக்க வேண்டாம், உன் கோழிக்கிறுக்கல் எனக்குத் தெரியும். என் மகளின் அந்த இரண்டு மாதம் எனக்குக் கிடைத்திருக்கும்.

இந்த மூன்று வாரமும் உன்னைத் திட்டி நாலு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லையே என்ற நினைப்பு வந்து வந்து தடுத்தது. அரை நாள் பஸ் பயணம். வந்து கேட்டிருக்கலாம். பதில் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, பயந்து இருந்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மாமா கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறாய். இதையும் சொல். யாரோ ஒரு நர்ஸ், எங்கேயோ ஒரு ஊர் என்று சொல்லக் கூடாது. நீ என்று சொல். துண்டையும் சொல், கையில் புண் இருந்ததையும் சொல், "தெரியாது சிஸ்டர்" என்றதையும் சொல். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

நெட்டை


ஆகஸ்ட் 30

அன்புள்ள நெட்டை,

சொல்லிவிட்டேன்.

முதல் வருஷ வகுப்பு, நாற்பத்திரண்டு பேர். ஊதா விளக்கு வகுப்பு முடிந்து எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் வகுப்பில் உட்காருவதே இல்லை. அதிலேயே பாதிப் பேர் அடங்கிவிட்டார்கள்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். முடித்தேன். நானாக ஏதாவது பேசி மூடிவிடலாமா என்று நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

முதல் வரிசையில் ஒருத்தி கேட்டாள்: "குழந்தை பிழைச்சிருச்சுன்னு அவங்களுக்கு யாரு டீச்சர் சொன்னாங்க?"

"நான்தான்."

"எப்போ?"

"போன மாசம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதிக் காட்ட முடியாது. உட்கார்ந்துவிட்டாள். இன்னொருத்தி, "நீங்க தெரியும்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும் டீச்சர்?" என்றாள். ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பார்கள், அல்லது ரெண்டு பேரையும் வைத்துக்கொண்டிருப்பார்கள், எனக்குத் தெரியவில்லை என்றேன். அன்று சொன்ன 'தெரியாது' பொய். இது நிஜமாகவே தெரியாது.

வகுப்பு கலையும்போது, உனக்குச் சிரிப்பு மூட்டிய பெண்ணின் தங்கை இங்கே முதல் வருஷம் படிக்கிறாள், அவள் மட்டும் போகாமல் நின்றாள். கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். "காட்டு" என்றேன். விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. "வெளியில சொல்லிருவீங்களா டீச்சர்?" என்றாள். நெட்டை, ஒரு நிமிஷம் எனக்கு எந்த வருஷம் என்றே தெரியவில்லை. "சொல்லத்தான் போறேன். ஆனா உன் பக்கத்துல நின்னு சொல்லுவேன்" என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் ஏழு பேர் கையைக் காட்டினார்கள். சோப்பை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆறும்வரை அவர்களுக்கு நோயாளிகளைத் தொடாத வேலை, பயிற்சி நாளில் எதையும் கழிக்க மாட்டார்கள். முதல்வரிடம் சண்டை போட்டுத்தான் வாங்கினேன்.

முதல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதையெல்லாம் பிள்ளைங்ககிட்ட எதுக்கு?" என்றார். அவரிடமும் சொன்னேன். பிறகு பழைய பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். உன் பெயருக்கு எதிரே 'கவனக்குறைவால் குழந்தைகளுக்கு நோய் பரவக் காரணமானதால் நீக்கம்' என்று இருக்கிறது. அறிக்கையின் நகலைத் தேடிப் பிடித்தேன். 'நோய் பரவியது பொதுத் துண்டினால். இம்மாணவிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று கீழே எழுதி முதல்வர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். பழைய வரியை அழிக்க முடியாது என்கிறார்கள். புது வரி அதற்குக் கீழேயே இருக்கிறது.

இதனால் உனக்கு ஒன்றும் திரும்பி வராது, தெரியும். உன் மகளிடம் ஒரு நாள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

குருவி


செப்டம்பர் 12

அன்புள்ள குருவி,

உன் கடிதத்தை அவர் படிக்கக் கேட்டேன். பதிவேட்டு வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். மகளுக்குப் போன் செய்து நானே எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா, இதுக்காகவா நீ என்னைத் தொடும்போதெல்லாம் கையைப் பார்த்துப்பே?" என்று கேட்டாள். பிள்ளைகள் எதையும் விடுவதில்லை.

அந்தத் தங்கைப் பெண்ணிடம் சொல்: கழுவியதும் தேய்த்துத் துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே களிம்பு தடவ வேண்டும். நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தது. இதையாவது என்னைக் கேட்டுக்கொண்டு சொல்லிக்கொடு.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அது வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் நான் வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி பஸ். நிறுத்தத்துக்கு நீ மட்டும் வா. நாற்பத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாயானால் அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவேன்.

இன்னொரு விஷயம். உன் எழுத்து கடிதத்துக்குக் கடிதம் பெரிதாகிக்கொண்டே போகிறது. வரியெல்லாம் வலது பக்கம் ஏறுகிறது. தாளை எட்டப் பிடித்துக்கொண்டு எழுதுகிறாய். இருட்டறையில் நாற்பத்திரண்டு கையைப் பார்க்கிறவள் இப்படியா இருப்பது? சோதனை லென்ஸ் பெட்டியை முதலாளியிடம் கேட்டு எடுத்து வருகிறேன். சின்ன மூக்குக்குப் பொருந்துகிற மாதிரி நாலு ஃபிரேமும் பார்த்து வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கம், நல்ல வெளிச்சத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வை.

நெட்டை